மலையேறும் பழைய காரும் தெர்மோஸ்டாட்டும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

எங்கள் வீட்டு அம்பாசடர் 1978 மாடல், மார்க் 3, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். குன்னூரில் குடியிருப்பு, மாதத்துக்கு இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும் வண்டி. இதிலும், நண்பர்களின் பத்மினி கார், பழைய ஜீப் ஆகியவற்றிலும் தெர்மோஸ்டாட் மாற்றி மாற்றிக் கை பழகிவிட்டது. என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில், குளிரில் மூடி, சூடானதும் திறந்து, என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "அதைக் கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க, நம்ம ஊர்க் குளிருக்கு அதெல்லாம் எதுக்கு" என்பார். மலைக்குத்தான் அது கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம். பர்லியாறு தாண்டி இரண்டாம் கியரில் ஏறும்போது அது முழுதாகத் திறக்க வேண்டும். அதே பாதையில் இறங்கும்போதும், மார்கழிக் காலையில் ஊட்டிக்குக் கிளம்பும்போதும் இறுக மூடிக்கொள்ள வேண்டும். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டு வேலையும் ஒரே நாளில் வருவதில்லை. அதனால் அங்கே அரைகுறையாக வேலை செய்யும் தெர்மோஸ்டாட் தப்பித்துவிடும். இங்கே மாட்டிக்கொள்ளும்.

உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## எதைத் தொடும் முன்பும் இரண்டு விஷயம்

முதலாவது, தண்ணீர் கொதிக்கும் சூடு. மேட்டுப்பாளையத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம், இங்கே 94. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே 92, 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். கீழே உள்ள சோதனைகளில் இந்த எண் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது, சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். ஊட்டியில் இது இன்னும் ஆபத்து. மூடியின் அழுத்தத்தில் 97 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். சமவெளியில் அதே 97 டிகிரித் தண்ணீர் அப்படிச் சீறாது. அரை மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸை (என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் வரும் ரப்பர் குழாய்) தொட்டால் கை தாங்குகிறது என்ற பிறகு, தடித்த சாக்கைப் போட்டு, முதல் படிவரை மட்டும் திருகி ஆவியை விட்டு, அப்புறம் திறங்கள்.

## அறிகுறி 1: முள் ஏறவே மாட்டேன் என்கிறது

கிளம்பி இருபது நிமிடம் ஆகியும் டெம்பரேச்சர் முள் குளிர்ப் பக்கத்திலேயே கிடக்கிறது. சோக்கை உள்ளே தள்ளினால் என்ஜின் இடறுகிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

இந்த வெள்ளையைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பயந்து ஹெட்டையே இறக்கிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். குளிரூரில் குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில், ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து ஆயிலோடு கலந்து இப்படிப் படியும். முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்து, மூடியில் மட்டும் வெள்ளை இருந்தால், பெரும்பாலும் என்ஜின் சரியாகச் சூடாகவில்லை என்றுதான் பொருள். டிப்ஸ்டிக்கிலும் வெள்ளை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

கை வைத்துப் பார்க்கும் சோதனை. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். ஃபேனிடமிருந்து கையும் துண்டும் தள்ளி இருக்கட்டும். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் சில நிமிடம் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும்; பிறகு சட்டென்று சூடு வரும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறது.

*அப்படித் தடையில்லாமல் ஓடினால்:*

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருக்கலாம். பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எங்கள் வண்டியை ஒரு முறை கீழே ஒரு பட்டறையில் வாட்டர் பம்ப் வேலைக்கு விட்டிருந்தோம். திரும்பி வந்தபோது தெர்மோஸ்டாட் இல்லை. கழற்றியதை யாரும் சொல்லவும் இல்லை. மூன்று மாதம் கழித்து, ஆயில் கறுத்துக் கூழாகிய பிறகுதான், தெர்மோஸ்டாட் உட்காரும் கூடான ஹவுசிங்கைத் திறந்து பார்த்தோம்.

இருந்தும் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். வண்டி இதற்கு முன் ஒரு முறை நன்றாகக் கொதித்ததா என்று யோசித்துப் பாருங்கள். சில தெர்மோஸ்டாட்டுகள் அளவுக்கு மீறிச் சூடானால் திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. என்ஜினைக் காப்பாற்றிவிட்டு அது தன் வேலையை முடித்துக்கொண்டது, மாற்றத்தான் வேண்டும். சூட்டில் விரியும் உலோகத் துருத்தி வால்வைத் தள்ளும் மிகப் பழைய துருத்தி வகையாக இருந்தால், துருத்தியில் ஓட்டை விழுந்தாலும் திறந்தே நின்றுவிடும்.

அல்லது 74 டிகிரியிலேயே திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் போட்டிருப்பார்கள். அது வெயில் நாடுகளுக்கென்று கொடுத்தது. நம் மலையில் டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி பூக்கும் காலையில் அது போதாது.

*ஹோஸ் ஒழுங்காகத் தாமதித்துச் சூடாகியும் முள் மட்டும் கிடந்தால்:*

தெர்மோஸ்டாட்டை விட்டுவிடுங்கள், மீட்டர் பக்கம் பாருங்கள். சென்சார் வயர் கழன்றிருக்கிறதா, முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துத் தேய்த்து மாட்டுங்கள். மின்சார மீட்டர் உள்ள வண்டியில், சாவி போட்ட நிலையில் அந்த வயரைக் கழற்றி ஒரு நொடி என்ஜினில் தொட்டால் முள் சூட்டுப் பக்கம் நகர வேண்டும். நகர்ந்தால் சென்சார் பழுது. நகராவிட்டால் வயரோ மீட்டரோ பழுது. தொட்டபடியே வைத்திருக்காதீர்கள், மீட்டர் கெடும். வயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் போகும் வகை என்றால், அதன் குமிழைக் கழற்றி வெந்நீரில் முக்கிப் பாருங்கள். குழாயை மட்டும் மடித்துவிடாதீர்கள். ஒரு மடிப்பு விழுந்தால் மீட்டரே போய்விடும்.

## அறிகுறி 2: கிளம்பிய கொஞ்ச நேரத்தில் முள் சிவப்பில், மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கிறது

உடனே நிறுத்துங்கள். இந்த ஒரு அறிகுறியில் 'இன்னும் இரண்டு வளைவு போய்ப் பார்க்கலாம்' என்பது வேண்டாம். ஹெட் வளைந்தால் செலவு பல மடங்கு.

ஆறிய பிறகு தண்ணீர் அளவு பாருங்கள். தண்ணீர் ஹெட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், மேல் ஹோஸில் சூடான தண்ணீர் எப்படி வரும்? நிரப்பிவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த தண்ணீர் எங்கே போனது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் காற்று அடைப்பாக இருக்கலாம். சமீபத்தில் தண்ணீர் மாற்றிய வண்டி என்றால் இதுதான் முதல் சந்தேகம். தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் காற்று நின்றுவிட்டால் சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் அதன் மெழுகுக் குமிழ்மேல் சூடான தண்ணீர் படாது. அதனால் அது திறக்காது. இதற்கு மலையில் நமக்கு ஒரு வசதி. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுச் சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்து, ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றி, சூடு ஏறத் தொடங்கியதும் மூடிவிடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிவிட்டது. மெழுகு வகை பெரும்பாலும் இப்படித்தான் சாகும். கழற்றி மாற்ற வேண்டும். நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால், ஆறவைத்து, அதைக் கழற்றிவிட்டு வீடு வந்து சேருங்கள். அது வீடு வருவதற்கான ஏற்பாடு மட்டும். மறுநாள் புதியது போட்டாக வேண்டும்.

புதிதாகப் போட்ட உடனேயே இந்த அறிகுறி வந்தால், திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்பிரிங்கும் மெழுகுக் குமிழும் என்ஜின் பக்கம் இருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் திரும்பியிருந்தால் சூடு படாமல் மூடியே கிடக்கும்.

## அறிகுறி 3: சமவெளியில் சரி, மலையேற்றத்தில் மட்டும் சூடு

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். இதற்குத்தான் தெர்மோஸ்டாட்மேல் அநியாயமாகப் பழி விழுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை முழுப் பாரத்தோடு ஏறுகிறோம். கோடை சீசனில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வண்டிகள் நின்று நின்று போகும். என்ஜின் முழு வேலையும் செய்கிறது. முன்னாலிருந்து காற்று வருவதில்லை.

ரேடியேட்டர் மூடி. விலை மிகக் குறைவு. பலன் மிக அதிகம். பழைய கார்களில் 4 பவுண்டு அல்லது 7 பவுண்டு மூடி இருக்கும் (ஒரு சதுர அங்குலத்தில் மூடி பிடித்துவைக்கும் அழுத்தம் அது). ஊட்டியில் 7 பவுண்டு மூடி ஒழுங்காகப் பிடித்தால் தண்ணீர் 105 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும். ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காத மூடியாக இருந்தால் 93லேயே கொதித்துவிடும். அதாவது என்ஜின் சரியான சூட்டில் ஓடும்போதே தண்ணீர் கொதித்து வெளியே போகும். முள் அவ்வளவு ஏறாமலே ரேடியேட்டர் பொங்குகிறது என்றால் மூடிதான். உங்கள் வண்டிக்கு என்ன பவுண்டு கொடுத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். 'அதிகம் போட்டால் நல்லது' என்று 13 பவுண்டு மாட்டினால் பழைய செம்பு ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும்.

ஃபேன் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதைவிடத் தொளதொளப்பாக இருந்தால், ஏற்றத்தில் வழுக்கும். உள்பக்கம் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கம். பூச்சியும் சருகும் சேறும் அடைத்திருக்கும். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அழுத்தம் அதிகம் வைத்தால் தகடு மடங்கும்.

ஓட்டும் விதம். மூன்றாம் கியரில் திணறவிட்டு ஏற்றாதீர்கள். இரண்டாம் கியரில் ஏறினால் வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். முள் ஏறுவதைப் பார்த்தால், அகலமான இடத்தில் ஒதுக்கி, கொதிக்கவில்லை என்றால் என்ஜினை அணைக்காமல் கொஞ்சம் வேகமான ஐடிலில் விடுங்கள். ஆவி வந்துவிட்டால் அணைத்துவிடுங்கள். சக்கரத்துக்குக் கல் கொடுத்திருந்தால் கிளம்பும்போது அதை எடுத்து ஓரம் போடுங்கள். ராத்திரி பைக்கில் வருபவருக்கு அந்தக் கல்தான் எமன்.

தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கிறதா? மேலே சொன்ன நான்கும் சரி என்றால் இப்போது அதைக் கழற்றிச் சோதிக்கலாம். சோதனை கீழே அறிகுறி 5-இல் இருக்கிறது. நிறையப் பேர் 82 டிகிரியைக் கழற்றி 74 போட்டால் ஏற்றத்தில் சூடாகாது என்று நம்புகிறார்கள். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு அதற்கு வேலை முடிந்துவிட்டது. அதற்குமேல் சூட்டை வெளியே தள்ள வேண்டியது ரேடியேட்டர்தான். 74 போட்டாலும் 82 போட்டாலும், ரேடியேட்டரில் தெம்பு இல்லையென்றால் குன்னூருக்கு முன் வரும் காட்டேரி என்ற இடத்துக்கு வரும்போது முள் அதே இடத்தில்தான் நிற்கும்.

இக்னிஷன் டைமிங். தாமதமாக இருந்தால் என்ஜின் அதிகம் சூடாகும், இழுவையும் குறையும். டைமிங் லைட் உள்ள மெக்கானிக் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

ரேடியேட்டரின் உள்பக்க அடைப்பு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய வண்டியில் இது நிச்சயம் இருக்கும். நன்கு சூடான என்ஜினை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழாகக் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கங்கே குளிர்ந்த திட்டு இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்தவை. ரேடியேட்டர் கடையில் டேங்கைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கோர் மாற்ற வேண்டும். இது வீட்டு வேலை இல்லை.

ஹெட் கேஸ்கெட். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். சூடாவதற்கு முன்பே குமிழி விடாமல் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதே என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊட்டிக் காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் புகைவிடும். அரை மணி நேரம் ஓடிய பிறகும் வந்தால்தான் சந்தேகம்.

## அறிகுறி 4: முள் ஏறுகிறது, இறங்குகிறது, நிலையாக நிற்பதில்லை

ஏற்றத்தில் கொஞ்சம் ஏறி, இறக்கத்தில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது முப்பது கிலோமீட்டருக்கு மேல் என்ஜினுக்கு வேலையே இல்லை, காற்று மட்டும் அடிக்கிறது. அப்போது முள் அடியோடு விழுந்துவிட்டால் தெர்மோஸ்டாட் முழுதாக மூடவில்லை. அறிகுறி 1-ஐப் பாருங்கள்.

காலையில் முதல் முறை முள் பாதிக்கு மேல் எகிறி, பொத்தென்று விழுந்து, பிறகு சரியாகிறது என்றால், தெர்மோஸ்டாட் விளிம்பில் காற்றுத் துளை இல்லை என்று அர்த்தம். நல்ல தெர்மோஸ்டாட்டில் விளிம்பை ஒட்டி ஒரு சிறு துளையும், அதில் ஆடும் ஒரு குட்டி ஊசியும் இருக்கும். அடியில் சேரும் காற்று அந்த வழியாகத் தப்பும். துளை இல்லாததை வாங்கிவிட்டீர்கள் என்றால் விளிம்புத் தகட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட் சாய்ந்து உட்காரும் என்ஜினில் துளை மேல்பக்கம் வரவேண்டும்.

டெம்பரேச்சர் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறி இறங்கினால், கோளாறு டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்கும் கரண்ட் கொடுக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரில். அதன் எர்த் ஸ்க்ரூவை முதலில் இறுக்கிப் பாருங்கள்.

## அறிகுறி 5: புதுத் தெர்மோஸ்டாட் போட்டும் பழைய தொல்லையே

இங்கேதான் எது நல்ல தெர்மோஸ்டாட் என்ற கேள்வி வருகிறது. கடையில் 'அம்பாசடருக்கு' என்று கேட்டால் ஒன்றை எடுத்துத் தருவார்கள். அம்பாசடரிலேயே பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜின் வேறு, பிற்காலத்து 1817 சி.சி. இசுசு என்ஜின் வேறு. பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

முதலில் விளிம்பின் குறுக்களவு. பி.எம்.சி. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கு 54 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பள்ளத்தில் நகர்ந்து ஓரத்தில் தண்ணீர் கசிந்து, என்ஜின் சூடாகவே மாட்டேன் என்னும். அடுத்து விளிம்பின் தடிமன். பள்ளத்தின் ஆழத்தைவிடத் தடித்தால் ஹவுசிங் சரியாக உட்காராது, இறுக்கும்போது விரிசல் விடும். பிறகு உயரம், அடியில் நீளும் குமிழோ சட்டமோ ஹெட்டில் இடிக்கக் கூடாது. கடைசியாக மிக முக்கியமான ஒன்று: பழையதைச் சுற்றி அடியில் ஒரு வளையம், பாவாடை மாதிரி, இருந்ததா? சில பழைய என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்த வளையம் பக்கவாட்டில் உள்ள பைபாஸ் வழியை அடைக்கும். அப்படிப்பட்ட என்ஜினில் வளையமில்லாததைப் போட்டால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்ப என்ஜினுக்கே போய்விடும். 'புதுசு போட்டேன், ஏற்றத்தில் முன்னைவிட மோசம்' என்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டாலும் இந்த என்ஜின்களில் அதே கதைதான்.

சூட்டளவு 74, 82, 88 என்று வரும்; குமிழிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். பெட்டியில் மட்டும் அச்சிட்டு உலோகத்தில் ஒன்றும் இல்லாததை நான் வாங்குவதில்லை. நீலகிரிக்கு என் தேர்வு 82. 74-இன் குறையை மேலே சொல்லிவிட்டேன். 88 போட்டால் அது திறக்கத் தொடங்குவதே 88-இல். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். மூடி கொஞ்சம் பலவீனமாக இருந்தால், ஊட்டியில் அது முழுதாகத் திறக்கும் முன்பே தண்ணீர் கொதித்துவிடும். ஹீட்டர் வைத்த வண்டி, மூடியும் ரேடியேட்டரும் புதியவை என்றால் 88 போடுபவர்களைத் தவறு சொல்லமாட்டேன்.

துருத்தி வகையா மெழுகு வகையா என்றால் மெழுகுதான். துருத்தி, மூடியின் அழுத்தத்துக்கு ஏற்பத் திறக்கும் சூட்டை மாற்றிக்கொள்ளும். மெழுகு அப்படி அசையாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும், நானே கதவும் பம்பரும் வாங்கியிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டை மட்டும் பயன்படுத்தியது வாங்காதீர்கள். அதன் மெழுகு எத்தனை முறை கொதித்தது என்று வெளியே தெரியாது.

அடுப்புச் சோதனை. புதியது என்றாலும் மாட்டும் முன் இதைச் செய்யுங்கள். மூடியிருக்கும் வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலாலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. நூல் நிற்கவில்லை என்றால் அது குளிர்ந்திருக்கும்போதே சரியாக மூடவில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். வால்வு திறந்த நொடியில் நூலிலிருந்து நழுவி விழும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறித்த எண்ணுக்கு இரண்டு டிகிரி முன்பின் இருந்தால் சரி. பிறகு கொதிக்கவிட்டு எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். ஆறியதும் இறுக மூடுகிறதா என்பதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் மலைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். ஊட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார்: "அண்ணா, 88 வாங்கினேன், பத்து நிமிஷமா கொதிக்குது, நூல் மட்டும் விழுந்துச்சு, நகம் போற அளவுகூடத் திறக்கல. ரெண்டாவதா வாங்கினதும் அப்படியே." இரண்டும் நல்லவைதான். அவர் வீட்டில் தண்ணீர் 93-ஐத் தாண்டாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதே சூடுதான். 88 டிகிரி தெர்மோஸ்டாட் அதில் கொஞ்சம்தான் வாய் திறக்கும். 82 என்றால் ஊட்டியிலும் பெரும்பகுதி திறந்துவிடும், குன்னூரில் கிட்டத்தட்ட முழுதாகவே. 88-ஐ முழுதாகச் சோதிக்க, தண்ணீரும் கூலன்ட்டும் பாதிப் பாதி கலந்து சூடேற்றலாம். அது கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும். கூலன்ட் விஷம். சமையல் பாத்திரம் வேண்டாம், அடுப்பங்கரையும் வேண்டாம். பழைய டப்பாவில், வெளியே வைத்துச் செய்யுங்கள். நாய், பூனை நக்காதபடி உடனே கொட்டி மூடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மேட்டுப்பாளையம் இறங்கும்போது அங்கே தெரிந்தவர் வீட்டில் சாதாரணத் தண்ணீரிலேயே பார்த்துவிடலாம்.

## அறிகுறி 6: மாற்றிய பிறகு ஹவுசிங்கில் ஒழுகுகிறது

பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒட்டியிருக்கும். சுரண்டி எடுத்து, முகத்தை வழவழப்பாக்கி, புதுக் காகித கேஸ்கெட் போடுங்கள். சீலன்ட் மெல்லிய பூச்சு போதும். அதிகம் தடவினால் உள்ளே பிதுங்கி உடைந்து ரேடியேட்டர் குழாயில் போய் நிற்கும். நட்டுகளை ஒன்றையே முழுதாக இறுக்காமல், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அதற்கும் ஒழுகினால் ஹவுசிங் முகம் வளைந்திருக்கும். கண்ணாடித் தட்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் ஹவுசிங்கைத் தேய்த்தால் சிறு வளைவு போய்விடும். அரித்துக் குழி விழுந்ததற்குப் புதிய ஹவுசிங்தான்.

கழற்றும்போதே கவனம் தேவை. நாற்பது வருடத்து ஸ்டட்டுகள் அலுமினிய ஹவுசிங்கோடு துருவால் கட்டிக்கொண்டிருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை விட்டுவையுங்கள். நட்டு வந்தும் ஹவுசிங் வரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டித் தட்டி அசையுங்கள். ஸ்டட் முறிந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டு டிரில்லால் தோண்டினால் ஹெட்டில் கோணலாகத் துளை விழும். லேத் பட்டறையில் அதற்கென்று ஆள் இருக்கிறார்.

## மாற்றிய பின் முதல் ஓட்டம்

கூலன்ட் கலந்தே நிரப்புங்கள். இங்கே உறைபனிக்கும் அது வேண்டும், துருவுக்கும் வேண்டும். அதோடு கலப்பது பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீராக இருக்கட்டும்.

முதல் ஓட்டத்தைக் குன்னூரிலிருந்து ஊட்டி பக்கம் வையுங்கள், இறக்கத்தில் வேண்டாம். வெலிங்டன், அரவங்காடு வழியாக ஊட்டிவரை ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிடும். வழியெல்லாம் வீடும் கடையும் இருக்கிற பாதை. எங்கே நின்றாலும் தண்ணீர் கிடைக்கும். போய் நிறுத்தியதும் ஹவுசிங்கைச் சுற்றி ஈரம் இருக்கிறதா பாருங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானி வைத்திருந்தால் ஹவுசிங்மேல் அடித்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது சூட்டைக் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அடிக்க வேண்டும். 82 தெர்மோஸ்டாட்டுக்கு 80-இலிருந்து 90-க்குள் காட்டினால் நன்று. முள் அப்போது எங்கே நிற்கிறது என்று டேஷ்போர்டு கண்ணாடியில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய மீட்டர்களில் எண் இருக்காது. இனி அந்தக் கோடுதான் உங்கள் அளவு.

மறுநாள் காலை, என்ஜின் முழுதாக ஆறியபின், மூடியைத் திறந்து தண்ணீர் அளவு பாருங்கள். உள்ளே நின்ற காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். அதற்கடுத்த நாளும் அதே அளவு இறங்கினால் அறிகுறி 6-க்குத் திரும்புங்கள். அங்கே ஈரமில்லை என்றால் வாட்டர் பம்பின் அடித்துளையில் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சோதித்துத் தேறிய இன்னொரு தெர்மோஸ்டாட், ஒரு கேஸ்கெட், ஹவுசிங் நட்டுக்கான ஸ்பேனர், இரண்டு லிட்டர் தண்ணீர். எங்கள் வண்டியில் இவை எப்போதும் டிக்கியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னிலும் அதன் பக்கத்திலும் இருக்கும்.